ஐம்பது குழிப் பலகை

பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் எழுத மற்றப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் என்றால் அவனுக்கு முக்கால் மணி நேரம். ஆனால் அந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் எதுவும் இருக்காது. கணக்கு வாத்தியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "ஐயா நிதானம், பெல் அடிச்சு எல்லாரும் பையை மாட்டியாச்சு. தாங்கள் எப்போ கிளம்புறதா உத்தேசம்?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. பேர் ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதிலும் பை தைக்கிற நிதானம் என்றால்தான் தெருவில் ஆள் தெரியும்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்பா விட்டுப்போன பை ரிப்பேர் கடையில் அக்காவும் அவனுமாக உட்கார்ந்தார்கள். கைக்கடிகாரக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, இரண்டு ஆள் தோளோடு தோள் நிற்கிற அகலம்தான் கடை. முன்னால் அக்காவின் தையல் மிஷின். பின்னால் அவனுடைய மரக்கட்டை, குத்தூசி, மெழுகு நூல். மிஷினில் ஓடுகிற தையலெல்லாம் அக்காவுக்கு; கையால் போடவேண்டியதெல்லாம் அவனுக்கு. "அவசரம்னா அக்காகிட்ட கொடு, ஆயுசுக்கும்னா தம்பிகிட்ட கொடு" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவார்.

அந்தக் கடைக்கு ஒரு நாள் காலையில் ஓர் அம்மாள் இரண்டு துணிப்பைகளோடு வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். முதுகு மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி நேராக இருந்தது. பைகளுக்குள் சலங்கைகள். ஆறு பேருக்கு, காலுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தோல் பட்டைகள். ஒரு பட்டைக்கு ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து மணி. பாதிப் பட்டைகளில் வரிசையே காணோம்.

"ஆடுறப்போ ஒரு மணி விழுந்தா பத்தும் விழுது. மேடை முழுக்க மழை பெஞ்ச மாதிரி கொட்டுது" என்றாள்.

நிதானம் ஒரு பட்டையைத் திருப்பிப் பார்த்தான். ஒவ்வொரு வரிசையையும் முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை ஒரே நூலில் ஓட்டித் தைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் அறுந்தால் வரிசையே போச்சு.

"ஒவ்வொரு மணிக்கும் தனி நூல், தனி முடிச்சு போட்டுத் தரேன் மேடம். ஒண்ணு போனாலும் பக்கத்துல இருக்கிறது போகாது."

"எத்தனை நாள் ஆகும்?"

மிஷினை நிறுத்தாமலே அக்கா பதில் சொன்னாள்: "அதை மட்டும் அவன்கிட்ட கேக்காதீங்க."

பதினெட்டு நாள் ஆயிற்று. அறுநூறு மணிகள், அறுநூறு முடிச்சுகள். வாங்கிப்போன அம்மாள் மறுநாளே ஆள் அனுப்பி, ஒத்திகையை வந்து பார்க்கச் சொன்னாள். அவள்தான் அந்த நடனக் குழுவின் இயக்குநர் என்பது அங்கே போன பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஒத்திகைக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. தரையில் கறுப்பு விரிப்பு. முதல் பகுதியில் ஆறு பெண்கள் அரைமண்டியில் இறங்கி, சலங்கை கட்டிய காலால் தட்டி பரதம் ஆடினார்கள். தரை அதிர்ந்தது, உட்கார்ந்திருந்தவன் வயிற்றுக்குள்ளும் அதிர்ந்தது. அது முடிந்ததும் மிருதங்கக்காரர் ஆறு நிமிடம் தனியாக வாசித்தார். பிறகு வேறே ஐந்து பேர் வெறும் முதுகும் வெறும் காலுமாக வந்து, அதே தாளத்தை உருண்டும் விழுந்தும் ஆடினார்கள். நவீன நடனமாம். காலால் கேட்ட தாளத்தை இப்போது முதுகால் கேட்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. கடைசியில் இரண்டு கூட்டமும் ஒன்றாக ஆடியது.

உருள்கிறவர்களில் ஒருவன் எலும்பே இல்லாத மாதிரி வளைந்தான். அவனை எல்லோரும் ரப்பர் என்று கூப்பிட்டார்கள். இடைவேளையில் ரப்பர் வேர்வையோடு வந்து நிதானத்தின் பக்கத்தில் தரையில் சாய்ந்தான்.

"புரிஞ்சுதாண்ணே?"

"தெரியலை தம்பி. ஆனா நல்லா இருந்துச்சு."

"சிம்பிள்ணே. அவங்க தரையைத் தட்டி எழுப்புறாங்க. எழும்பின தரையில நாங்க போய்ப் படுக்கிறோம்."

இது நடந்து பத்து நாளில் அந்தத் தரையிலேயே ரப்பர் அடிபட்டான். உருளும்போது தோள்பட்டைக்குக் கீழே ஒரு மணி சிக்கியது. சுண்டைக்காய் அளவுதான் மணி, ஆனால் அதன் வாய் கத்தி மாதிரி. ஏழு தையல். மூன்று வாரம் ஆடக்கூடாது என்றார் டாக்டர்.

செய்தி கேட்டு நிதானம் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். பட்டையைப் பார்த்தான். அவன் போட்ட நூலும் முடிச்சும் அப்படியே இருந்தன. மணியின் முதுகில் நூல் கோக்கிற காது உடைந்திருந்தது. மற்றவர்கள் "உன் தப்பு இல்லப்பா" என்றார்கள். அவனுக்குத்தான் நெஞ்சில் முள் தைத்தது. பழைய தையல் என்றால் ஒரு மணி போன இடத்தில் நூல் தளர்ந்து பத்தும் கொட்டியிருக்கும், எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஆட்டத்தை நிறுத்திப் பொறுக்கியிருப்பார்கள். அவன் தைத்ததால் ஒரே ஒரு மணி, சத்தமில்லாமல், யாருக்கும் தெரியாமல் விழுந்தது. நன்றாகத் தைத்ததே வினையாகப் போயிற்று.

ரப்பர் கட்டிலில் குப்புறப் படுத்தபடி, "உங்க தையல் நின்னுச்சு, அதனால எனக்குத் தையல் போட்டாங்க. கணக்கு சரியாப்போச்சுண்ணே" என்றான். நிதானம் சிரிக்கவில்லை.

அன்று கடைக்குத் திரும்பியதும் நல்ல கெட்டிப் பலகை ஒன்றை எடுத்தான். ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்தாக, மணி அளவுக்குக் குழி குடைய ஆரம்பித்தான். ஐம்பது குழி. சலங்கைப் பட்டையைக் கவிழ்த்துப் பலகைமேல் வைத்து அழுத்தினால் ஒவ்வொரு மணியும் ஒரு குழியில் உட்காரும். பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் எந்தக் குழி காலி என்று ஒரு நொடியில் தெரியும். எண்ணவேண்டாம், விட்டுப்போகாது. நான்கு நாள் குடைந்தான். பல்லாங்குழி ஆடப் போறியா என்று அக்கா கேலி செய்தாள். ஐந்தாம் நாள் ஒரு பட்டையை வைத்துக் காட்டினான். அவள் பலகையைக் கையில் வாங்கி, குழி ஓரத்தில் விரலை ஓட்டிப் பிசிறு இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. திருப்பிக் கொடுத்தாள்.

இயக்குநர் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஒன்பது ஊர், ரெண்டு மாசம். எங்ககூட வரமுடியுமா?" என்றாள்.

வீட்டில் மனைவி, "நீங்க விமானத்துல ஏறி உக்கார்றதுக்குள்ள விமானம் போய்ட்டு வந்துடும்" என்றாள். சொல்லிவிட்டு அவனுக்கு ஆறு சட்டை எடுத்து வைத்தாள். கடையைத் தனியாகப் பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். சொன்ன கையோடு கனத்த துணியில் அவனுக்கு ஓர் ஏப்ரன் தைத்தாள். முன்னால் பெரிய பை, அதற்கு இரட்டைத் தையல். அவசரத்துக்குத் தைக்கிறவள் என்று பேர் வாங்கியவள் அந்த ஏப்ரனுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள்.

பயணத்தில் அவனுடைய வேலை இதுதான். காலையில் பன்னிரண்டு பட்டைகளையும் பலகையில் வைத்துப் பார்த்து, ஒவ்வொரு மணியின் காதையும் ஊசியால் நெம்பிச் சோதித்து, பையில் போட்டுக் கட்டிவைக்கவேண்டும். மேடையில் முதல் பகுதி முடிந்ததும் பெண்கள் ஆறு பேரும் மேடையோரத் தட்டி மறைவுக்கு வந்து, அவன் போட்டிருக்கும் முக்காலியில் காலை வைப்பார்கள். முன்திரை இறங்கியிருக்கும்; திரைக்கு வெளியே மிருதங்கக்காரர் தனி வாசித்துக்கொண்டிருப்பார். அந்த ஆறு நிமிடத்துக்குள் பன்னிரண்டு பட்டைகளையும் அவிழ்த்துப் பலகையில் வைத்துப் பார்க்கவேண்டும். எல்லாம் சரியென்றால் அவன் வலது கையைத் தூக்குவான். அதைப் பார்த்து மேடை மேனேஜர் திரையைத் தூக்கச் சொல்வார். ரப்பரும் மற்றவர்களும் தரையில் இறங்குவார்கள். அவன் கை ஏறாவிட்டால் திரை ஏறாது. இயக்குநர் போட்ட விதி.

மேடை மேனேஜருக்கு இந்த விதி பிடிக்கவில்லை. பேசும்போதும் கடிகாரத்தையே பார்த்துப் பேசுகிற மனிதர். குழு அவருக்கு வைத்த பேரே கடிகாரம்தான். "உலகத்துல எந்த மேடையிலயாவது செருப்பு தைக்கிறவர் கையைப் பாத்துத் திரை தூக்குவாங்களா?" என்று முதல் ஊரில் கேட்டார்.

"நான் பை தைக்கிறவன் சார்" என்றான் நிதானம்.

ஐந்து ஊர் முடிந்தது. ஐந்து ஊரிலும் ஆறாவது நிமிடம் முடியுமுன் கை ஏறியது. விடுதி அறைகள், வாடகை பஸ், இஸ்திரி வாசம், பிளாஸ்டிக் கப்பில் தேநீர் என்று நாட்கள் போயின. எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்குத் தெரிந்த ஊர் ஒன்றுதான்: மேடைக்குப் பக்கத்தில் தட்டி மறைவு, ஒரு முக்காலி, ஒரு சின்ன விளக்கு. அங்கிருந்து அவன் ஆட்டத்தைப் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். ஆறு பெண்களில் யார் கால் எந்தச் சத்தம் என்று மூன்றாம் ஊரிலேயே பழகிவிட்டது. வரிசையின் கடைசியில் நிற்கிற பெண்ணை ஓரத்துப் பெண் என்று அவர்களே அழைப்பார்கள்; அவள் தட்டினால் சத்தம் மற்றவர்களைவிட ஒரு இழை முன்னால் விழும். ஆர்வம். அவளிடம் அதைச் சொன்னபோது, "ஐயோ அண்ணா, மேடம்கிட்ட சொல்லிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறாவது ஊர்தான் பெரிய ஊர். ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் அரங்கு. பிற்பகல் மூன்று மணி ஆட்டம். அடுத்த வருடம் எந்தக் குழுவை அழைப்பது என்று முடிவு செய்கிற மூன்று அரங்கத்தார் அன்று பார்க்க வருகிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். காலையிலிருந்து யாரும் உரக்கப் பேசவில்லை.

ஜன்னல் இல்லாத உடை அறையில், கண்ணாடியைச் சுற்றி எரிகிற பல்புகளின் வெளிச்சத்தில், நிதானம் சலங்கைகளைச் சோதித்தான். பதினோரு பட்டை சரி. பன்னிரண்டாவது ஓரத்துப் பெண்ணின் இடது கால். மூன்றாம் வரிசையில் நான்காவது மணியின் காதில் மயிரிழை விரிசல். நூலை வெட்டி மணியை எடுத்தான். உருண்டு ஓடாமலிருக்க அதை ஒரு கம்பளித் துண்டில் சுற்றி ஏப்ரன் பைக்குள் போட்டான். புது மணி எடுக்க டப்பாவைத் திறக்கப்போகிற நேரத்தில் போன் அடித்தது. அக்கா.

"டேய், பெரிய ஊசியை எங்கடா வெச்ச?"

"மூணாவது டப்பாக்கா. சிவப்பு மூடி."

"சிவப்பு மூடியில பட்டன்தான் இருக்கு."

"பட்டனுக்குக் கீழ."

"கீழன்னா?"

"பட்டனைக் கொட்டுக்கா. அடியில ஒரு காகிதம் இருக்கும். காகிதத்துக்கு அடியில."

"ஊசியைப் பொதைச்சு வைக்கிற ஆளை இப்போதான் பாக்கிறேன். இரு, இரு... ஆமா, இருக்கு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்பிட்ட?"

"ரொட்டி."

"ரொட்டியெல்லாம் ஒரு சாப்பாடா. இன்னிக்குதானே அந்தப் பெரிய ஆட்டம்? அரக்கப்பரக்க எதுவும் செய்யாதே, உனக்கு அது வராது."

அதற்குள் கதவைத் திறந்து கடிகாரம் தலையை நீட்டினார். "நிதானம், பக்கத்துத் திரையில ஒரு முழம் கிழிஞ்சிருக்கு. உடனே வாங்க." போனை வைத்தான். மேஜையில் பன்னிரண்டாவது பட்டை பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. பார்த்து முடித்த பட்டைகளை வைக்கிற இடமும் அதுதான். எடுத்துச் சலங்கைப் பையில் போட்டான், பையைக் கட்டினான், திரை தைக்க ஓடினான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையைப் பாதியில் விட்டதே தெரியாமல் போனான்.

ஆட்டம் தொடங்கியது. அன்றைக்குப் பெண்களின் கால்கள் ஒரே காலாக விழுந்தன. ஓரத்துப் பெண் மட்டும் கடைசிச் சுற்றில் பின் மூலையில் கொஞ்சம் தடுமாறி, அடுத்த அடியில் சேர்ந்துகொண்டாள். கைதட்டல். முன்திரை இறங்கியது. மிருதங்கம் தொடங்கியது.

முக்காலியில் கால்கள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பலகையில் வைத்தான், அழுத்தினான், சாய்த்தான், அடுத்தது. பன்னிரண்டாவதைச் சாய்த்தபோது மூன்றாம் வரிசையில் ஒரு குழி காலி. அவன் மறுபடி வைத்துப் பார்த்தான். காலிதான்.

"என்ன?" என்றார் கடிகாரம்.

"ஒரு மணி இல்ல சார்."

"நல்லா பாருங்க."

"பாத்துட்டேன்."

"இங்கயே எங்கயாவது அவிழ்க்கும்போது விழுந்திருக்கும்."

விளக்கை இறக்கி முக்காலியைச் சுற்றித் தேடினார்கள். இல்லை. மிருதங்கக்காரர் தனியை முடிக்கிற மூன்று தீர்மான அடிகளை ஆரம்பித்துவிட்டார். அவை முடிந்தால் திரை ஏறவேண்டும். ரப்பரும் மற்ற நால்வரும் இருட்டில் தரையோரத்தில் உட்கார்ந்து தயாராக இருந்தார்கள். ரப்பரின் முதுகில் அந்தத் தழும்பு நிதானத்துக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"மூணு பேர் வந்திருக்காங்கய்யா. மூணு பேரும் உள்ள உக்காந்திருக்காங்க" என்றார் கடிகாரம். குரல் கெஞ்சியது. "அவ்வளவு பெரிய மேடையில ஒரு சுண்டைக்காய். அது எங்க கிடக்குதோ, இவன் எங்க உருளப்போறானோ."

நிதானம் இரண்டு கையையும் பலகைமேல் வைத்து அழுத்திக்கொண்டான். கை ஏறவில்லை. நிறுத்துவதற்கு அவன் செய்யவேண்டியது ஒன்றுமில்லை, சும்மா இருந்தால் போதும். அவனுக்கு அதைவிடக் கனமான வேலை ஒன்றை யாரும் கொடுத்ததில்லை.

இயக்குநர் பின்னாலிருந்து வந்தாள். அவன் கையைப் பார்த்தாள். கடிகாரத்திடம், "மிருதங்கத்தை வாசிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. வேலை விளக்கைப் போடுங்க" என்றாள்.

திரைக்கு உள்ளே வெள்ளை விளக்கு எரிந்தது. ஆடுகிறவர்கள், உடைக்காரர்கள், விளக்குக்காரர்கள் பதினான்கு பேரும் பின்சுவர் ஓரமாக வரிசையில் குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவியபடி முன்னால் நகர்ந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மிருதங்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம். நான்கு நிமிடம். ஒன்றும் இல்லை. திரும்பி வந்தார்கள். ஆறு நிமிடம். கடிகாரம் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஓரத்துப் பெண் பின் மூலையில் மண்டியிட்டு அதே இரண்டு முழ இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள். "இங்கதான் தடுமாறினேன் மேடம்" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. "தப்பா விழுந்தேன். அப்போதான் தெறிச்சிருக்கும். என்னாலதான்." கண்மை கன்னத்தில் இறங்கியது.

அவளுக்குப் பக்கத்தில் தேட நிதானமும் மண்டியிட்டான். குனிந்தபோது ஏப்ரன் பை தொடையில் அழுந்தியது. உருண்டையாக எதுவோ. கையை உள்ளே விட்டான். கம்பளித் துண்டு. அதற்குள் சுண்டைக்காய் அளவு.

ஊசி, பட்டன், காகிதம், ரொட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

பைக்குள்ளேயே விரல் கம்பளித் துண்டைப் பிரித்தது. காதில் விரிசலோடு மணி தனியாகக் கைக்குள் வந்தது. அதை அப்படியே தரையோரம் நழுவவிட்டு, "இந்தா இருக்கு" என்று சொன்னால் போதும். விரிசல் விட்ட காது. யார் பார்த்தாலும் நம்புவார்கள். அவன் கணக்கில் இருந்தது தன் மானம் மட்டும் இல்லை. இல்லாத மணிக்காக ஆட்டத்தை நிறுத்தினான் என்று தெரிந்தால், இனி ஒரு நாள் உண்மையிலேயே மணி விழுந்து அவன் கை தூக்காமல் இருந்தால் யார் நிற்பார்கள்? கடிகாரம் நிற்பாரா? அப்போது ரப்பரின் முதுகு என்ன ஆகும்? பொய் சொன்னால் விதி பிழைக்கும். மெய் சொன்னால் விதிக்கே ஆபத்து. நிதானமாக யோசித்துப் பழகியவனுக்கு இப்படி ஒரு கணக்கு நொடியில் வந்து நின்றதில்லை.

பக்கத்தில் அந்தப் பெண் இன்னும் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். விரல் நுனி சிவந்திருந்தது. இங்கே இந்த மணி கிடைத்தால், இந்த மூலையும் இந்தத் தடுமாற்றமும் அவள் தலையில் ஏறும். அதன்பிறகு அவள் கால் ஒரு இழை முன்னால் விழாது. பயந்து பயந்து ஒரு இழை பின்னால் விழும்.

அவன் எழுந்து நின்றான்.

"தேடவேணாம் மேடம். மணி விழல. எங்கிட்டதான் இருக்கு." உள்ளங்கையை விரித்துக் காட்டினான். "காலையில காது விரிஞ்சிருந்துச்சு. நான்தான் எடுத்தேன். புதுசு தைக்க மறந்துட்டேன். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

பதினான்கு பேரும் அவனைப் பார்த்தார்கள். மிருதங்கம் மட்டும் கேட்டது.

இயக்குநர் அருகில் வந்து மணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ தரை சுத்தமா?"

"சுத்தம் மேடம்."

"நிச்சயமா?"

"பதினாலு பேர் ரெண்டு தடவை தடவியாச்சு மேடம். இதைவிடச் சுத்தமான தரை இந்த ஊர்ல இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரப்பர்தான்.

"கையைத் தூக்குங்க" என்றாள் இயக்குநர்.

தூக்கினான். விளக்கு அணைந்தது. திரை ஏறியது. ரப்பர் தரையில் இறங்கி உருண்டான். தட்டி மறைவிலிருந்து பார்த்தவனுக்கு, இதுவரை அவன் இவ்வளவு அழுத்தமாக உருண்டு பார்த்ததில்லை என்று தோன்றியது. முதுகின் ஒரு இடம் விடாமல் தரையில் பட்டது.

அன்று மேடையில் அதிகம் கைதட்டல் வாங்கியது மிருதங்கக்காரர். ஒன்பது நிமிடம் கூடுதலாக வாசித்தார். "முப்பது வருஷமா என் தனியைச் சுருக்கச் சொன்னவங்கதான் எல்லாரும். நீட்டச் சொன்ன ஒரே மனுஷன் நீங்கதான்" என்று நிதானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நிதானம் அந்தக் குலுக்கலில் கரையவில்லை. சாமான் கட்டிக்கொண்டிருந்த இயக்குநரிடம் போய் நின்றான். "கை தூக்குற பொறுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடுங்க மேடம். பலகையை நான் வைக்கிறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கீழ போட்டுட்டு எடுத்திருக்கலாமே. ஏன் செய்யல?"

"தோணிச்சு மேடம். அந்தப் பொண்ணு அழுதுட்டிருந்துச்சு."

அவள் மடித்த துணியைப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு, "நாளையிலேர்ந்து காலையிலயும் பாருங்க, கால்ல கட்டுறதுக்கு முந்தியும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஏழாவது ஊருக்கு ரயிலில் போகும்போது அவன் ஏப்ரனை மடியில் போட்டு, அக்கா இரட்டைத் தையல் போட்ட பையின் வாயை மெழுகு நூலால் முழுக்கத் தைத்து மூடினான். எதிரில் உட்கார்ந்திருந்த கடிகாரம் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஊர் ஆட்டத்தின்போது பன்னிரண்டாவது பட்டை சரியாக உட்கார்ந்தது. அவன் கையைத் தூக்கப்போனான்.

"இருங்க" என்றார் கடிகாரம். "பலகை?"

"சரி சார்."

"பை?"

தைத்த பையின்மேல் நிதானம் தட்டிக் காட்டினான். கடிகாரம் ஒரு விரலால் அதை அழுத்தித் தானும் பார்த்தார். பிறகுதான் அவன் கைக்காகத் தலையைத் திருப்பினார். மிச்சம் மூன்று ஊரிலும் இதேதான். எட்டாவது ஊரில் ஒரு மணி உண்மையிலேயே விழுந்தது. அவன் கை ஏறவில்லை. கடிகாரம் மறுபேச்சில்லாமல் வேலை விளக்கைப் போடச் சொன்னார். மணி பின்சுவர் ஓரம் கிடைத்தது. எல்லாம் முக்கால் நிமிடம்.

அடுத்த வருடத்துக்கு அழைப்பு வந்ததா என்றால், வந்தது. மூன்று அரங்கத்தில் ஒன்றிலிருந்து. மற்ற இரண்டும் அந்த ஒன்பது நிமிடத்தால் போயினவா, வேறு காரணமா, யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து, நடந்ததை வரிசை மாறாமல் அக்காவிடம் சொன்னான். சொல்லி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அவள் மிஷினை நிறுத்திவிட்டே கேட்டாள். ஏப்ரனை வாங்கித் தைத்த பையைத் தடவிப் பார்த்தாள்.

"நீ ஒரு வேலையைப் பாதியில விட்டவனே இல்லையேடா. எப்படி மறந்த?"

"ஏதோ ஒரு வேலை குறுக்க வந்துச்சுக்கா."

"அது எந்தத் தேதி?"

அறுநூறு முடிச்சுகளில் எந்த முடிச்சு எந்த நாளில் போட்டது என்று சொல்லக்கூடியவன் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே, "தேதி ஞாபகமில்லக்கா" என்றான்.

அவள் சிவப்பு மூடி டப்பாவைப் பார்த்தாள். பெரிய ஊசி பாக்கெட்டை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மிஷினுக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.